கடைக்குக் கடை ஒரு கரண்டி

சென்னையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை; ஐஸ்கிரீம் கடைகளை ஒப்பிடுகிறவர்கள் வேறு வகை. ஒப்பீட்டாளரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவதுண்டு, ஆனால் அதை உபதொழிலாகத்தான் வைத்திருப்பார். ஒரு கடையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கடையின் பெருமையைப் பேசுவதே அவரை அடையாளம் காட்டும் குணம். அண்ணா நகரில் இருக்கும்போது அடையாறு உசத்தி. அடையாற்றுக்குப் போய்விட்டால் அண்ணா நகர் உசத்தி. இரண்டுக்கும் போய்வந்த பிறகு பெங்களூரு இருக்கிறது.

பெரும்பாலும் இவர் நாற்பதைத் தாண்டியவர். குடும்பத்தில் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ பதவி வகிப்பவர். ஆண்டு முழுவதும் காணக் கிடைப்பார் என்றாலும் மே மாதக் கத்திரி வெயிலில் நடமாட்டம் கூடும். மார்கழியில் தொண்டைக்கு ஆகாது என்று சாப்பிடுவதை நிறுத்துவார், ஒப்பிடுவதை நிறுத்துவதில்லை.

இவருடைய முதன்மைக் கருவி சாம்பிள் கரண்டி. கண்ணாடிப் பெட்டியின் இடது கோடியில் தொடங்கி வலது கோடி வரை வரிசை தவறாமல் வருவார். “தம்பி, அந்த சப்போட்டா கொஞ்சம் குடுங்க. பக்கத்துல என்ன, அத்திப்பழமா? அதுவும் கொஞ்சம். முதல்ல குடுத்தது எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு, இன்னொரு தடவை குடுங்க.” பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும். குளிர்ச்சி, நாக்கின் இனிப்புணர்வை மட்டுப்படுத்தும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும், உறைந்தபோது அதுவே அளவான இனிப்பாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். ஆகவே ஐந்தாவது கரண்டிக்குப் பிறகு அவர் வழங்கும் தீர்ப்பில் நாக்குக்குப் பங்கு குறைவு, நாவன்மைக்கே அதிகம்.

ஒப்பீட்டாளர்களில் நான்கு உட்பிரிவுகள் உண்டு. முதலாமவர் லேபிள்காரர். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி வெறுமனே ஐஸ்கிரீம் என்று விற்கப்படுவதில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்ந்தால் அதை ஃபுரோஸன் டெஸர்ட் என்றுதான் அச்சிட வேண்டும். இந்த ஒரு விதி லேபிள்காரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. கல்யாணப் பந்தியில் கப்பைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “பாமாயில்!” என்று அறிவிப்பார். அதற்குள் பக்கத்து இலைக்காரர் இரண்டாவது கப்பை முடித்திருப்பார்.

இரண்டாமவர் எடைக்காரர். ஐஸ்கிரீமைக் கடையும்போது அதில் காற்று சேரும். சேராவிட்டால் கரண்டி இறங்காத கட்டியாகிவிடும். சட்டப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமாவது இருக்க வேண்டும். 700 மில்லி டப்பா என்றால் 367.5 கிராம். இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவர் எடைக்காரர். பொருளுக்குக் கொடுத்த பணம் எவ்வளவு, காற்றுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பில்லைப் பார்த்ததும் பிரித்துச் சொல்வார். பில்லைக் கட்டுவது பெரும்பாலும் மைத்துனர்.

மூன்றாமவர் நினைவுக்காரர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஓட்டல் இருந்த காலத்தோடு ஐஸ்கிரீம் முடிந்துவிட்டது என்பது அவர் கட்சி. 1970இல் சென்னையில் குச்சி ஐஸ் வியாபாரமாகத் தொடங்கிய அருண் ஐஸ்கிரீமையே இவர் புதுசு என்பார். மெரினா பக்கம் கார் திரும்பினால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸைக் காட்டி, அந்த ஐஸின் தரம் இப்போது இல்லை என்றும் வருத்தப்படுவார். நான்காமவர் யாத்திரிகர். பெங்களூருவின் கார்னர் ஹவுஸ் இவருக்குப் படைவீடு. 1984இல் மும்பை ஜூஹுவில் தொடங்கிய நேச்சுரல்ஸ் இன்னொன்று. பின்னது சென்னையிலேயே கிளை திறந்ததில் அவருக்கு உள்ளூர வருத்தம். பஸ்ஸில் போய்ச் சாப்பிடக் கூடிய இளநீர் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு யாரிடம் பெருமை பேச முடியும்?

நான்கு பிரிவினரையும் ஒன்றுசேர்த்தது ஃபுரோஸன் யோகர்ட். அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் 1981இல் தொடங்கிய டிசிபிஒய், வெஸ்ட் ஹாலிவுட்டில் 2005இல் தொடங்கிய பிங்க்பெரி போன்ற கடைகள் பிரபலமாக்கிய இந்தப் பண்டம் பிறகு சென்னை மால்களுக்கும் வந்தது. பாலைப் புளிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து, கடைந்துகொண்டே உறையவைப்பார்கள். வழக்கமான ஐஸ்கிரீமைவிடக் கொழுப்பு குறைவு. லேசான புளிப்பு உண்டு. தினமும் தயிர் தோய்க்கும் வீட்டில் வளர்ந்தவருக்குத் தயிரைக் கிராம் கணக்கில் விற்பது சுலபமில்லை. “நம்ம ஃப்ரிட்ஜ்ல நேத்து மேல்தட்டுல வெச்ச தயிர் இதைவிட நல்லா உறைஞ்சிருந்துச்சு” என்பதே முதல் தீர்ப்பு.

டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன அன்று தீர்ப்பு திருத்தப்படும். உறையவைத்தாலும் தயிரின் பாக்டீரியாக்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை, பெரும்பகுதி உறங்கிக்கிடக்கும் என்ற உண்மையை அவர் எங்கிருந்தோ பிடித்துவைத்திருப்பார். “வயித்துக்கு நல்லது” என்று சொல்லிக்கொண்டே மேலே பிரவுனித் துண்டு, சாக்லேட் சாஸ், கேரமல், முந்திரி எல்லாம் போட்டுக்கொள்வார். கப் தராசில் ஏறும்போது வயிற்றுக்கு நல்லது அடியில் எங்கோ இருக்கும். எடைக்காரர் மட்டும் பாகில் ஊறிய பழங்களைத் தொடமாட்டார். சீவிய பாதாம்தான் எடை ஏறாமல் கப்பை நிரப்பும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இரவில் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டி எந்தப் பிரிவினரின் ஒப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. வண்டிக்காரர் சாம்பிள் தருவதில்லை, லேபிளும் இல்லை. ஆராய்ச்சிக்கு வழியில்லாததால் ஒப்பீட்டாளர் குல்ஃபியைப் பேசாமல் சாப்பிட்டு முடித்து, இன்னொன்று வாங்குவார்.

ஒப்பீட்டாளரின் முடிவுகள் குடும்பத்தில் எந்த அளவுக்குச் செல்லும் என்பது கடைசியாகக் கவனிக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கே போவது என்ற கேள்விக்குக் கொழுப்பு, காற்று, பழமை, பயணம் ஆகிய நான்கு அடிப்படையிலும் அவர் விரிவாகப் பதில் சொல்வார். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். “அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்காங்க?” என்று மனைவி கேட்பார். எந்தக் கடை வாசலில் இடம் இருக்கிறதோ அந்தக் கடைக்குப் போவார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும், போகாத கடைதான் நல்ல கடை என்பதற்கு அவரிடம் ஒரு புதிய ஆதாரம் இருக்கும்.