பழைய றேடியோ நாடகம் கேட்பது எப்படி? வன்னி முறை

யூரியூப்பில் ஒருதரம் தட்டினால் போதும், கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்று பஸ்ஸை எடுத்துவிடுவார். இப்படி நோகாமல் கேட்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. முறையாகக் கேட்க ஆசையுள்ளவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் வீட்டு மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். யுத்தம் நடந்த 1990களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கரண்ட் இல்லை. பற்றரியும் இல்லை. வவுனியாக் கடையில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் சாதுவாக இருந்த பற்றரி, இராணுவச் சோதனைச்சாவடிக்கு வன்னிப் பக்கம் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே போன் பற்றரியும் கணக்கில் சேராது. கசெற் றேடியோ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

இனிச் சைக்கிள். முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைப் பின் ரயரோடு சாத்துங்கள். அது தருவது ஆறு வோல்ற், நாலு பற்றரிக்குச் சமம். ஆனால் ஏசி. றேடியோவுக்கு வேண்டியது டீசி. நடுவில் டயோட் ஒன்று வேண்டும். செத்த றேடியோ ஒன்றிலிருந்து கழற்றலாம். கப்பாசிற்றரும் போடுங்கள். போடாவிட்டால் சானாவின் 'லண்டன் கந்தையா' வண்டுக் கூட்டுக்குள் இருந்து கதைப்பார்.

பெடலைச் சுற்ற ஒரு பெடியன் தேவை. ஆளைத் தெரிவதில்தான் எல்லாம் இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் கசெற் இழுபட்டு, 'அண்ணை றைற்' கொண்டக்ரர் நித்திரை கொள்ளத் தொடங்குவார். வேகம் கூடினால் றேடியோவே போய்ச் சேரும். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போனால் ஊரே மூக்கைச் சீறும். பெடியனுக்கு மட்டும் கல்நெஞ்சு வேண்டும். சிரிப்பு நாடகம் இன்னும் ஆபத்து. 'கோமாளிகள் கும்மாளம்' பதிவு கிடைத்தால், காது மந்தமான பெடியனாகப் பாருங்கள். மரைக்காராக வரும் ராமதாஸ் வாயைத் திறந்ததும் கை வழுகும். அப்புக்குட்டி ராஜகோபாலின் பதில் வரமுதல் றேடியோ படுத்துவிடும். (அந்த நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது. படத்துக்குப் பெடல் தேவைப்படவில்லை.)

தனியாகக் கேட்பது குற்றம். ஒழுங்கைச் சனம் முழுக்க வரவேண்டும், அதில் ஒரு மாமி கட்டாயம்.

"தம்பி, உவன் ஆர்?"

"பெட்டையைக் கட்டப்போறவன், மாமி."

"அப்ப அழுகிறது?"

"அது தாய்."

"ஏன், இவனைப் பிடிக்கேல்லையோ?"

இதற்குள் தாய் சொன்ன முக்கியமான விசயம் போய்விடும். ரீவைண்ட் பண்ணக்கூடாது. அன்று புலிகளின் குரல் வானொலியில் நாடகம் போனபோது யார் ரீவைண்ட் பண்ணியது? தவறவிட்ட வசனத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சண்டைபிடியுங்கள். எழுதினவர் யோசிக்காத திருப்பமெல்லாம் கிடைக்கும்.

கடைசிக் காட்சியில் செயின் கழரும். பதற வேண்டாம், எல்லா வீட்டிலும் அந்த இடத்தில்தான் கழரும். கிறீஸ் கையோடு மாட்டி முடிக்கையில் பதிவில் விளம்பரம் ஓடத் தொடங்கியிருக்கும். அது முடியுமட்டும் தைனமோ ஒரு குறையும் வைக்காது.