டெட்பூல் வகையறா: ஒரு பங்காளிச் சண்டை

மார்வெல் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் நான்கு இதழ்களாக வெளியிட்ட 'டெட்பூல் கில்ஸ் டெட்பூல்' என்னும் சித்திரக்கதை, கொன்றவர் யார், செத்தவர் யார் என்ற இரண்டையும் அட்டையிலேயே சொல்லிவிடுவதால், துப்பறியும் சிரமம் எதையும் வாசகருக்கு வைப்பதில்லை. ஆயினும் எந்த டெட்பூல் எந்த டெட்பூலைக் கொன்றார் என்று கேட்டால், கதையை முழுவதும் படித்தவரும் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டித்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

நாயகனுக்குரிய இடத்தில் நின்றுகொண்டு நாயகனுக்குரிய நற்குணங்கள் எதையும் வைத்திராதவனே எதிர்நாயகன் எனப்படுவான். ஓவியர் ராப் லீஃபெல்டும் எழுத்தாளர் ஃபேபியன் நிசியேசாவும் 1991-இல் உருவாக்கிய டெட்பூல் இவ்வகையைச் சேர்ந்தவர். கூலிக்குக் கொலை செய்பவர், ஓயாமல் பேசுபவர், தாம் ஒரு சித்திரக்கதைக்குள் இருப்பதை அறிந்து வாசகரையே நேரடியாக விளித்துப் பேசக்கூடியவர். போட்டி நிறுவனமான டிசியின் கூலிக் கொலையாளி ஸ்லேட் வில்சனைக் கேலி செய்வதற்காகவே இவருக்கு வேட் வில்சன் என்ற இயற்பெயர் இடப்பட்டது. பெயர் வைக்கும்போதே இன்னொருவரின் நகலாகிவிட்ட ஒருவருக்குப் பிற்காலத்தில் நகல்கள் பெருகியதில் வியப்பில்லை.

அந்தப் பெருக்கத்திற்கு இடங்கொடுப்பது மல்டிவர்ஸ் என்னும் பல்லண்டக் கோட்பாடு. ஒரே ஆள் வெவ்வேறு அண்டங்களில் வெவ்வேறு விதமாக வாழ்கிறார் என்று கூறும் இக்கோட்பாடு, புதிய பாத்திரத்தை யோசிக்கும் சிரமத்தை மிச்சப்படுத்துவதால் பதிப்பகங்களுக்கு மிகவும் உகந்ததாக விளங்குகிறது. 2010-இல் அமைக்கப்பட்ட 'டெட்பூல் கோர்' என்ற படையில் டெட்பூலின் பெண் வடிவமும், சிறுவன் வடிவமும், நாய் வடிவமும், பிணங்கள் நடமாடும் அண்டத்திலிருந்து வந்த, உடலில்லாத தலை வடிவமும் இடம்பெற்றன. அழுகிய அந்தத் தலைக்குக் காற்றாடி பொருத்திய குல்லாய் ஒன்றை மாட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். கை, கால், கழுத்து யாவும் போன பிறகும் அதற்கு வாய் மட்டும் குறையாமல் இருப்பது மூலப் பாத்திரத்தின்பால் படைப்பாளிகள் காட்டிய விசுவாசம் என்றே கொள்ளத்தக்கது.

'டெட்பூல் கில்ஸ் டெட்பூல்' கதையை எழுதிய கல்லன் பன் அதற்கு முன்பே வேறு இரண்டு கதைகளில் வேறொரு டெட்பூலை உருவாக்கியிருந்தார். சிரிப்பை இழந்த அவர், 2012-இல் வந்த முதல் கதையில் மார்வெல் நாயகர்கள் அனைவரையும் தீர்த்துக்கட்டினார். எழுத்தாளர்களின் கைப்பாவைகளாகத் துன்புறுவோருக்கு மரணமே விடுதலை என்பது அவருடைய வாதம். அடுத்த கதையில் டான் கிஹோட்டேயையும் டாம் சாயரையும் தேடி உலக இலக்கியத்திற்குள்ளேயே நுழைந்தார். எஞ்சியிருந்தது சொந்த வகையறா மட்டுமே என்பதால் மூன்றாம் கதையில் அதன்மேல் பாய்ந்தார். உறவு முறை எதுவானாலும் வெட்டுக்குத்து கடைசியில் பங்காளி வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேரும் போலும்.

இங்கேதான் நூலாசிரியருக்குத் தர்மசங்கடம் ஏற்படுகிறது. எந்தக் காயமும் தானே ஆறிவிடும் 'ஹீலிங் ஃபேக்டர்' என்ற ஆற்றல் டெட்பூலுக்கு உண்டு; அறுபட்ட உறுப்பும் மீண்டும் வளர்ந்துவிடும். அத்தகைய ஒருவர் அத்தகைய இன்னொருவரோடு மோதும்போது, நியாயமாகப் பார்த்தால், இருவரும் களைத்துப்போய் உட்கார்ந்து பேசத் தொடங்குவதைத் தவிர வேறு முடிவு இருக்க முடியாது. அந்தப் பேச்சு சண்டையைவிட நீளமாகவும் கொடூரமாகவும் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். பன் அந்த வழியை நாடவில்லை. தமக்கு வேண்டிய இடத்தில் ஆற்றலை வேலை செய்யவைத்து, வேண்டாத இடத்தில் அதைச் சத்தமில்லாமல் விடுப்பில் அனுப்பிவிடுகிறார். ஓவியர் சால்வா எஸ்பினின் கலகலப்பான கோடுகள் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் முதல் வாசிப்பில் இந்தக் குறை உறுத்துவதில்லை. இரண்டாம் வாசிப்பில் உறுத்துகிறது. அதற்கு அப்பால் வாசிப்பவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டாக இராது.

டெட்பூல் கோர் படையிலிருந்த அந்த நான்கு உருவங்களும், ஏற்கெனவே செத்திருந்த தலை உட்பட, இக்கதையில் உயிரிழக்கின்றன. மனித உருவங்கள் சாவதைச் சிரித்தபடி கடக்கும் வாசகர், சிவப்பு முகமூடி அணிந்த நாயின் முறை வரும்போது ஆசிரியரை மன்னிப்பதில்லை. மூன்று கதைகளில் எண்ணற்ற கொலைகளைச் செய்து முடித்த பன் தவிர்த்திருக்க வேண்டிய ஒரே கொலை அதுதான்.

பிற்காலத்தில் திரைப்படத் துறை நாயின் பக்கமே நின்றது: 2024-இல் வெளிவந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தில் அந்த நாயாக நடித்த பெக்கி, அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனின் மிக அவலட்சணமான நாய் என்ற பட்டத்தைப் போட்டியில் வென்று வந்த நாய்.