பெட்டியில் இல்லாத மைத்துனர்

பெறுநர்: பாடல் கேட்கும் கையடக்கக் கருவிகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றின் மேன்மை பொருந்திய வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: பெட்டியில் இருந்திருக்க வேண்டிய துணைப்பொருள் ஒன்று விடுபட்டமை

மேன்மை பொருந்திய சேவைப் பிரிவின் பதில், பார்வையற்றவரான மனுதாரருக்குக் கிடைத்தது. வாங்கிய கருவியின் அட்டைப்பெட்டியில் விளம்பரம் செய்யப்பட்டுள்ள குரல் வழிகாட்டி, அதாவது திரையில் தோன்றும் பட்டியலைப் பேச்சாக ஒலிக்கச் செய்யும் வசதி, விற்கப்படும்போது அணைக்கப்பட்டே இருக்கும் என்றும், அதை இயக்கத் தொடுதிரையின் ‘அமைப்புகள்’ பகுதியில் உரிய வரியைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும் என்றும், இயலாதவர் ‘பார்வையுள்ள ஒருவரின் உதவியைப் பெறவும்’ என்றும் அதில் அருளப்பட்டிருந்தது. கேட்பதற்கு முன் பார்த்தாக வேண்டும் என்னும் இத்தத்துவத்தின் ஆழம் வியக்கத்தக்கது. ஆயினும் பெட்டியைத் தடவிப் பார்த்ததில் மின்னேற்றக் கம்பியும் இயர்போனும் உத்தரவாத அட்டையும் கிடைத்தனவேயன்றி, அந்தப் பார்வையுள்ள ஒருவர், நடைமுறையில் பெரும்பாலும் மைத்துனர், கிடைக்கவில்லை.

மைத்துனர் என்பது, பார்வையற்றோர் வாங்கும் பாடல் கருவி இயங்குவதற்கு இன்றியமையாத, ஆனால் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய துணைச்சாதனம் என வரையறுக்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு முன் அது விழிப்பதில்லை. ஒரு முறை காபி ஊற்றினால் ஏறத்தாழ இரண்டு பாடல்களைத் தேடித்தரும் ஆற்றல் பெறுகிறது. கேட்ட பாடலை விடுத்துத் தனக்குப் பிடித்த பாடலை ஒலிக்கவிடும் கோளாறு அதற்குப் பிறவியிலேயே உண்டு. அதன் உத்தரவாதக் காலம் எவ்வளவு என்பதைச் சேவைப் பிரிவு தெளிவுபடுத்தினால் நலம்.

மைத்துனர் இல்லாமலும் பாட்டுக் கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2009 மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை ஐபாட் ஷஃபிளில் திரையே கிடையாது. பாடலின் பெயரையும் பாடியவரின் பெயரையும் அது 14 மொழிகளில் பேசியது (தமிழ் அவற்றுள் இல்லை என்பது வேறு கதை). 2010இல் வந்த அடுத்த தலைமுறையில், பேச வைப்பதற்கென்றே மேல் விளிம்பில் தனிப் பொத்தான் வைக்கப்பட்டது. பார்வையுள்ளவருக்கும் பார்க்க ஒன்றுமில்லாத கருவியாக அது அமைந்தமையாலேயே அதற்குப் பேச வாய்த்தது என்பதும், பார்வையற்றோர் அடைந்த பயன் அந்த விபத்தின் உபரியே என்பதும் ஊகிக்கத்தக்கவை. 2017 ஜூலையில் அதன் விற்பனையும் நிறுத்தப்பட்டது.

ராக்பாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் வரலாறு சேவைப் பிரிவுக்குச் சற்றுக் கசக்கலாம். கருவியோடு வரும் மூல மென்பொருளுக்குப் பதிலாக நிறுவிக்கொள்ளத்தக்க அதனை, 2001 முதல் தன்னார்வலர்கள் எழுதி வருகின்றனர். பட்டியலின் சொற்களைக் கணினியில் முன்கூட்டியே பேச்சாக மாற்றி ஒரே கோப்பாகக் கருவியில் வைத்துவிடுவதால், சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் போன்ற சட்டைப்பை அளவுக் கருவிகூட அதன் துணையால் பேசிற்று. பெரும் வடிவமைப்புத் துறைகள் பலவற்றுக்குக் கைகூடாத இவ்வேலையை, ஊதியமே பெறாதவர்கள், மைத்துனர்களை வேலையிழக்கச் செய்யும் துணிவோடு செய்து முடித்தனர்.

பேசாத கருவியையும் பார்வையற்றோர் விட்டுவிடுவதில்லை. கீழ்நோக்கி மூன்று அழுத்தம், பின் நடுப்பொத்தான் என்று பட்டியலை எண்ணிக்கையாகவே மனப்பாடம் செய்துகொள்கின்றனர். விலையையும் நினைவகத்தின் அளவையும் விசாரிப்பதற்கு முன்பே அவர்கள் பொத்தான்களைத் தடவிப் பார்ப்பதும், கடைசி வரிக்குப் பின் பட்டியல் மீண்டும் முதல் வரிக்குத் தாவுகிறதா என்று கேட்பதும் இதனாலேயே. தாவுகிற பட்டியலில் எண்ணிக்கை ஒருமுறை தவறினால் தொடக்கம் எது என்று கண்டுகொள்ள வழியில்லை. அவ்வாறு கற்ற பாடம் முழுவதையும், நிறுவனத்தார் புதுப்பிப்பு என்ற பெயரில் வரிகளின் வரிசையை மாற்றி, ஒரே இரவில் அழித்துவிடுகின்றனர்.

காதுக்காகச் செய்து காதுக்காக விலை வைத்த பொருளைக் கண் இல்லாமல் திறக்க முடியாது என்று எழுதி அனுப்புவதற்கு வெட்கப்பட வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொண்டபோது எவருடைய பார்வையும் விசாரிக்கப்படவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்குரிய மின்னணுப் பொருட்கள் அனைவருக்குமான வடிவமைப்பில், அதாவது உடற்குறை உள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க வடிவில், கிடைப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு 2016 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வடிவம் இப்பெட்டிக்கு அரசாலும் வரவில்லை, நிறுவனத்தாலும் வரவில்லை.

மேற்கண்ட பத்தியை அச்சுப்பிழையாகக் கொண்டு பொறுத்தருளும்படி, பெருந்தன்மைக்குப் பேர்போன சேவைப் பிரிவு வேண்டப்படுகிறது.

மனுவின் கோரிக்கை மிகச் சிறியது. ஐபோனை முதன்முதலில் இயக்கும் கட்டத்திலேயே, உரிய பொத்தானை மும்முறை அழுத்தினால் திரைவாசிப்பான் பேசத் தொடங்குகிறது. அதுபோல இக்கருவியிலும் ஒலியளவுப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் குரல் வழிகாட்டி விழித்துக்கொள்ளும்படி செய்யலாம். அதுவரை, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மைத்துனரை, காற்றுத் துளைகளோடு, வைத்து அனுப்பலாம். அனுப்பும் செலவை மனுதாரரே ஏற்பார்.

இந்தச் சேவையில் அடைந்த மனநிறைவைத் தெரிவிக்குமாறு அனுப்பப்பட்டுள்ள படிவம், பெயரிடப்படாத ஐந்து முகபாவப் படங்களுள் ஒன்றைத் தொடச் சொல்வதால், அதற்குரிய பதிலும் இக்கடிதமாகவே அனுப்பப்படுகிறது.

இங்ஙனம்,
மனுதாரர்