தனி ஸ்டைலும் சிக்ஸ் ஸ்டெப்பும்

கேள்வி: பிரேக் டான்ஸ் கற்கும் என் மகன், "சிக்ஸ் ஸ்டெப் எல்லாம் எதற்கு? எனக்குத் தனி ஸ்டைல் இருக்கிறது" என்கிறான். சரிதானா?

பதில்: ஸ்டைல் இருக்கட்டும். அதைத் தாங்கக் கையில் பலம் வேண்டாமா? சிக்ஸ் ஸ்டெப்பில் உடல் எடையைக் கைகள் வாங்கிக்கொள்ள, கால்கள் ஆறே அடியில் வட்டம் போடும். எந்தக் கை எப்போது தரையை விட வேண்டும், இடுப்பு எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் உடம்பில் ஏறுகிறது. ஏறாதவன் புதுமை செய்தால், பார்ப்பவர் கண்ணுக்குத் தடுமாற்றமாகத்தான் தெரியும்.

1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த இந்த ஆட்டத்தில், அடுத்தவர் அசைவைத் திருடுவது பெரிய அவமானம். அடிப்படைகளோ பொதுச்சொத்து, எத்தனை முறை எடுத்தாலும் திருட்டில்லை!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடாவின் பில் விசார்ட், யாரையும் போல ஆடாதவர் என்று பெயரெடுத்தவர். அங்கே நடுவர்கள் தனித்தன்மைக்குத் தந்த அதே எடையை நுட்பத்துக்கும் தந்தார்கள்.

மகனை இரண்டு பக்கமும் சிக்ஸ் ஸ்டெப் சுற்றச் சொல்லுங்கள். தடுமாறாமல் வந்ததும், ஆறில் ஓர் அடியை மட்டும் தன் இஷ்டப்படி மாற்றட்டும்.