நாளொன்றுக்கு ஆறு ரூபாய் முப்பது காசு

ஒரு மேல்முறையீட்டைப் பத்து நாள் பிந்திக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். காய்ச்சல் என்றால், டாக்டர் சீட்டு எங்கே என்பார்கள். அப்பா தவறிவிட்டார் என்றால், கருமாதி முடிந்த மறுநாளே ஏன் வரவில்லை என்பார்கள். குடிமக்களுக்குக் கெடு என்றால் கெடுதான்.

அரசாங்கம் வேறு காலண்டரில் வாழ்கிறது. கர்நாடக வீட்டுவசதி வாரியம் ஒரு நில வழக்கில் 2006இல் தோற்றது. உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். வாரியம் நிதானமாகக் கிளம்பி, 3,966 நாள் தாமதத்தோடு 2017இல் வந்து சேர்ந்தது. போனால் போகிறது என்று உயர் நீதிமன்றம் மன்னித்தும்விட்டது. அந்த மன்னிப்பை ரத்து செய்ய உச்ச நீதிமன்றத்துக்கு 2025 செப்டம்பர் வரை ஆயிற்று. வாரியத்துக்கு அபராதம் 25,000 ரூபாய்.

இதற்கு முன்னும் ஒரு 25,000 உண்டு. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக உச்ச நீதிமன்றப் படியேறியபோது விதிக்கப்பட்டது அது. இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். மத்தியப் பிரதேசத்துக்கு நாளொன்றுக்கு முப்பத்தேழு ரூபாய் சொச்சம். கர்நாடக வாரியத்துக்கு ஆறு ரூபாய் முப்பது காசு! சில்லறையாகத் தூங்கினால் விலை கூடுதல், மொத்தமாகத் தூங்கினால் மலிவு. கொத்தவால்சாவடி வியாபாரிகள் இதைக் கேட்டால் தொழிலை விட்டுவிட்டு அரசுப் பணிக்கு மனுப்போடுவார்கள்.

இந்தச் சலுகை எங்கிருந்து முளைத்தது தெரியுமா? 1987இல் காஷ்மீர் அனந்தநாக்கின் நிலமெடுப்பு அதிகாரி மேல்முறையீட்டுக்குப் பிந்திய வழக்கு. தாமதம் வெறும் நான்கு நாள். நீதிமன்றங்கள் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளலாமே என்றது உச்ச நீதிமன்றம். நான்கு நாளுக்குக் காட்டிய இரக்கத்தை இழுத்து இழுத்துப் பதினோரு வருஷத்துக்குப் போர்த்திக்கொண்டார்கள் நம் துறையினர். 2012இல் 427 நாள் தாமதத்துக்குக் குட்டு வாங்கிய துறை எது? தபால் துறை. நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட துறை.

இத்தனைக்கும் காலவரையறைச் சட்டம் அரசுக்கு முன்னமே வாரி வழங்கியிருக்கிறது. நமக்குப் பெரும்பாலான வழக்குகளுக்கு மூன்று ஆண்டு. அரசு தானே தொடுக்கும் வழக்குக்கு 30 ஆண்டு. அதுவும் போதவில்லையாம், மகாராஜாக்களுக்கு.

அரசு வழக்கறிஞரை மட்டும் திட்டிப் பயனில்லை. கருத்துரைக்குப் போன கோப்பு, நிதித்துறையைச் சுற்றி, இணைச் செயலாளர் மாறுதலாகி, புதியவர் 'விவாதிக்கவும்' என்று குறிப்பெழுதி, கெடு செத்துப் புல் முளைத்த பிறகே அவர் மேசைக்கு வரும். 'நிர்வாகக் காரணங்களால்' என்று பிரமாண வாக்குமூலம் தயாரிப்பதுதான் அவருக்கு மிச்சம். ஆனால் அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்கார்ந்தார் என்றும் கேட்கத்தானே வேண்டும்? அரசு வழக்கறிஞர் பதவி ஆள்வோர் வேண்டியவர்களுக்குப் பங்கிடும் பிரசாதமல்ல, தகுதி பார்த்து வெளிப்படையாக நியமியுங்கள் என்று பஞ்சாப், அரியானா வழக்கில் 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்சி மாறியதும் அரசு வழக்கறிஞர் அறைகளில் பெயர்ப்பலகைகள் மாறும் வேகத்தைப் பார்த்தால், அந்தத் தீர்ப்பும் எங்கோ ஒரு கோப்புக்குள் கருத்துரைக்குக் காத்திருக்கிறது போலும். கட்சிக்கு நாயாக உழைத்தவருக்குச் சன்மானம் தர வேறு வழியே இல்லையா, ஐயா?

தோற்பது உறுதி என்று தெரிந்தே தாமதமாக வந்து, 'தள்ளுபடி' முத்திரை வாங்கி, 'மேலே வரை போய்ப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை' என்று கோப்பை மூடும் இந்தக் கூத்துக்கு 2020 வழக்கிலேயே 'சான்றிதழ் வழக்குகள்' என்று உச்ச நீதிமன்றம் பெயர் சூட்டியது. அந்த 25,000ஐப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. அதையே விதியாக்கட்டும். அரசின் தாமத மன்னிப்பு மனு ஒவ்வொன்றிலும் இன்னொரு பத்தி சேரட்டும்: கோப்பு எந்த மேசையில், யார் கையில், எத்தனை நாள் கிடந்தது. பெயரோடு, பதவியோடு, சம்பளப் பட்டியல் எண்ணோடு.