தோஹாக்காரனுக்கு ஒரு மணிக்கூடு

பணக்கார நண்பனிடம் கடன் கேட்பதைவிடக் கடினமான வேலை, பணக்கார நண்பனுக்கு அன்பளிப்பு வாங்குவது. கடன் கேட்டால் 'இல்லை' என்பான், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அன்பளிப்பை 'எதுக்கு மச்சான் இதெல்லாம்' என்று வாங்கி, பெட்டியைத் திறக்காமலே கதிரைக்குப் பின்னால் வைத்துவிடுவான்.

என் நண்பனும் நானும் மூதூரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவனுடைய வாப்பா எருமை வளர்த்தார். எங்கள் ஊர்த் தயிரைச் சட்டி சட்டியாக லோஞ்சியில் ஏற்றித் திருகோணமலைக்கு அனுப்புவார். மகன் இப்போது தோஹாவில் லொறிகள் வைத்திருக்கிறான். எத்தனை என்று அவனுக்கே சரியாகத் தெரியாது என்பது ஊர்ப்பேச்சு. என் மகளின் கல்யாணத்துக்கு இரட்டைக் கதவு ஃப்ரிஜ் ஒன்று அனுப்பினான். அது வாசலுக்குள் நுழையாததால் நிலையைக் கழற்ற வேண்டி வந்தது. ஆக, ஒரு பென்சன் வாத்தியாராகிய நான் அவனுக்கு ஒரு ஃப்ரிஜ் கடன். அவன் எனக்கு ஒரு நிலை கடன்.

அவன் ஊரில் மாடி வீடு கட்டிக் குடிபோகிறான் என்று செய்தி வந்தது. கணக்கைத் தீர்க்க இதுதான் தருணம் என்றாள் மனைவி.

"இஞ்சருங்க, கைக்குக் கட்டுற மணிக்கூடு ஒண்டு வாங்கிக் குடுங்க. நேரம் பார்க்கிற நேரமெல்லாம் உங்கட நினைப்பு வரும்."

என் நினைப்பு வந்துதான் அவன் தொழிலுக்கு என்ன லாபமோ. இருந்தாலும் பெண்கள் யோசனை சொன்னபின் மறு யோசனை எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பணக்காரன் என்றால் ரோலெக்ஸ். அதில் டே-டேட் என்று ஒரு வகை; 1956 இல் வந்தது. அதைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்கிறார்கள். விலை நம் காசில் ஒரு கோடியைத் தாண்டும். இந்த இடத்தில் மார்க்கம் எனக்குக் கைகொடுத்தது. ஆண்களுக்குத் தங்கம் ஆகாது! வாழ்நாளில் எத்தனையோ தடவை மார்க்கம் என்னைத் தடுத்திருக்கிறது, இவ்வளவு செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. பிளாட்டினம் கூடுமா என்று மௌலவியிடம் கேட்கலாம் என்றார் ஒருவர். நான் கேட்கவில்லை. கூடும் என்று சொல்லிவிட்டால்?

பெரிய இடத்துக்கு எதைக் கொண்டுபோவது என்ற குழப்பம் எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. சரித்திரம் படிப்பித்தவன் என்பதால் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1672 இல் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று இதே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் இங்கே பிடிபட்டுக் கண்டி ராச்சியத்தில் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் அந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். முதலில் போன தூதர்களுக்குக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கழுத்துக்குத் தங்கச் சங்கிலி, வெள்ளி பதித்த வாள், துப்பாக்கி என்று அள்ளிக் கொடுத்தான். எனக்கு வந்த ஃப்ரிஜ் மாதிரி. பிறகு போன லெனரோல் என்ற தூதரை அரசன் காக்க வைத்தான். மனிதர் இரண்டு மணி நேரம் பார்த்தார்; இது மரியாதை இல்லை என்று தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிட்டார். அடித்து விலங்கு போட உத்தரவாயிற்று. பணக்காரன் வாசலுக்குப் போகிறவன் நேரம் பார்க்கக் கூடாது என்பதை அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, தங்கம் வேண்டாம். உருக்கில் ஏதாவது பார்க்கலாம் என்று ஊர்ப் பொடியன் ஒருவனிடம் கேட்டேன். தோஹா நேரமும் மூதூர் நேரமும் ஒன்றாகக் காட்டும் ரோலெக்ஸ் ஜி.எம்.டி. மாஸ்டர் என்று ஒன்றைக் கைபேசியில் காட்டினான். பான் அமெரிக்கன் விமானிகளுக்காக 1950-களில் செய்ததாம். அதன் மணி முள் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும். தோஹாவுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இரண்டரை மணி. அந்த அரையைச் சுவிஸ்காரன் கணக்கில் எடுக்கவே இல்லை. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கி, அரை மணியை விரல் விட்டுக் கூட்ட வேண்டும்.

அரை மணியோடு விளையாட எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1996 இல் மழை பொய்த்து மின்சாரம் தட்டுப்பாடானபோது, அரசாங்கம் மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தது. புலிகளின் பக்கம் எதையும் மாற்றவில்லை. மூதூரில் புதிய நேரம், சம்பூரில் பழைய நேரம். சோதனைச் சாவடியில் அரை மணிக்குள் விட்டுவிட்டால், புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம், விட்டால்தானே. அந்நாளில் மாடு வாங்க அந்தப் பக்கம் போய்வந்த என் நண்பன் இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாக இரண்டு மணிக்கூடு கட்டியிருந்தான். பள்ளிவாசல் பாங்கு மட்டும் சூரியனைப் பார்த்துச் சொன்னதால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது. 2006 ஏப்ரலில் அரசாங்கமும் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஆக, 1996 ஒக்டோபரிலிருந்து அந்த ஏப்ரல் வரைக்கும்தான் இலங்கை ஜி.எம்.டி. மாஸ்டர் கட்டத் தகுதியான நாடாக இருந்திருக்கிறது. அப்போது எங்கள் ஊரில் அதை வாங்க யாரிடமும் காசில்லை.

இன்னொரு வேடிக்கை. ரோலெக்ஸ் நாளொன்றுக்கு இரண்டு செக்கன் வரை பிந்தலாம், முந்தலாம் என்று கம்பனியே சொல்கிறது. ஒரே பக்கம் போனால் மாதத்துக்கு அறுபது. 1989 இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ, பிளாஸ்டிக் பட்டி, சில ஆயிரம் ரூபாய், மாதத்துக்கே முப்பது செக்கன்தான் பிசகும். நேரம் சரியாகத் தெரிய வேண்டியவன் ஏழை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. பணக்காரனுக்குப் பிந்தினால் என்ன, அவனுக்காக நிற்பார்கள்.

அந்தக் கேசியோவையே கொடுத்துவிடுவோமா என்றும் ஒரு சபலம். ஆனால் குவாண்டனாமோ கைதிகளின் கோப்புகளில் அது சந்தேகத்துக்குரிய அடையாளமாக எழுதப்பட்டிருந்தது. என் நண்பனோ தாடி வைத்தவன், வருடம் முழுக்க விமானத்தில் பறக்கிறவன். என் அன்பளிப்பு அவனை எந்த நாட்டு விமான நிலையத்தில் உட்கார வைக்குமோ.

கடைசியில் திருகோணமலையில் ஒரு கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் அது கண்ணில் பட்டது. கல்குலேட்டர் மணிக்கூடு! நாங்கள் படிக்கிற காலத்தில் சவூதியிலிருந்து வந்த ஒருவர் கையில் மட்டும் இருந்தது. அவருக்குப் பின்னால் இவன் தெருத்தெருவாக நடந்திருக்கிறான். இப்போதும் செய்கிறார்கள். விலையோ ஃப்ரிஜின் கைப்பிடிக்குக் காணும். இரண்டு ஊர் நேரம் வைக்கலாம், அரை மணியும் சேர்த்து.

குடிபோன அன்று பெட்டியைக் கையோடு திறந்தான். ரோலெக்ஸைக் கழற்றி சட்டைப்பையில் போட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டான். மௌலவி துஆ ஓதி முடித்ததும் மூலையில் போய் உட்கார்ந்து, வீட்டுச் செலவை நக நுனியால் அடித்துக் கூட்டத் தொடங்கினான். காணி, சீமெந்து, மாபிள், தேக்கு. திடீரென்று விரல் நின்றது. திரையில் ஒரு ஆங்கில எழுத்துத்தான் நின்றது.

"மச்சான், இது எட்டு இலக்கத்துக்கு மேல போகாதா? பத்துக் கோடியில நிண்டுட்டு."

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் கடையில என்ட பென்சனை அடிச்சுத்தான் பார்த்தன். எல்லாம் சரியா இருந்திச்சு."