கழுதைக்கு வழிவிடும் கார்

இலங்கையில் 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியதும் மன்னார்த் தம்பிமாருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் தொடங்கிவிட்டது. வாங்க வசதியில்லாதவர், இருக்கிற பழைய காரையே சீறவைக்கப் பார்க்கிறார். முதல் செலவு என்ன? பெரிய சைலன்சர், பின்னால் ஒரு ஸ்பொயிலர். தம்பி, ஏ14 வீதி தலைமன்னாரோடு முடிகிறது, அப்பால் கடல். காற்றோடு மல்லுக்கட்டத் தீவிலுள்ள தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் போதாதா? சைலன்சர் உறுமினால் நகரத்துக் கழுதைகள் காதைக்கூட அசைக்காது; நிற்கவேண்டியது கார்தான். ஆகவே முதல் காசு நல்ல டயருக்கும் பிரேக்குக்கும்தான். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு சூடேறினால் பிரேக் மிதி பதிந்துபோகும். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது. "வெளியில ஒண்டும் தெரியாதே அண்ணே" என்று தம்பி முகம் சுளிக்கிறார். சரி, ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிக்கொள்ளட்டும்.